நான்காம் நாள் நிழல்

கடலூரிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் கெடிலம் ஆற்றங்கரையில் திருவந்திபுரம். திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு போக முடியாமல் போனவர்கள் தேவநாதசுவாமி சந்நிதியில் அந்தக் கடனைத் தீர்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. முகூர்த்த நாளில் நடக்க வழி இருக்காது. ஒருபக்கம் தாலி கட்டு, மறுபக்கம் மொட்டை. பக்கத்திலிருக்கும் குன்றுக்கு ஔஷதகிரி என்று பெயர், மருந்துமலை.

என் அக்கா மகனுக்கு முதல் மொட்டை அங்கேதான் எடுத்தோம். குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தவர் என் ஆயா. “தலைய ஆட்டாம புடிச்சிக்குங்க ஆயா” என்று முடி எடுப்பவர் சொல்லச் சொல்ல, தண்ணீர் தெளித்த தலையில் கத்தி வழுக்கிக்கொண்டு போனது. சந்தனம் பூசியதும் அழுகை நின்றது. நான்காம் நாள், சந்தனம் உதிர்ந்த அந்தத் தலையில் நீலமும் பச்சையும் கலந்த ஒரு கருநிழல் படர்ந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டிருந்த ஆயாவின் முன்கையிலும் அதே நிறம். சிறுமியாக இருந்தபோது குத்திக்கொண்ட பச்சைக் கோலம்.

இரண்டும் ஏன் ஒரே நிறம் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

குழந்தையின் தோலுக்கு அடியில் இருந்தது கறுப்பு முடியின் வேர்ப்பகுதி. ஆயாவின் தோலுக்கு அடியில் இருந்தது விளக்குப் புகைக்கரி. இரண்டுமே கறுப்பு. ஆனால் அந்தக் கறுப்பைத் தோல் என்ற திரை வழியாகப் பார்க்கிறோம். வெள்ளொளி தோலுக்குள் நுழையும்போது அதிலுள்ள சிவப்புக் கதிர்கள் ஆழம் வரை போய்க் கரியில் விழுங்கப்பட்டுவிடுகின்றன. நீலக் கதிர்கள் அவ்வளவு ஆழம் போவதில்லை. பாதி வழியிலேயே சிதறிக் கண்ணுக்குத் திரும்பி வந்துவிடுகின்றன. அதனால் கறுப்பு நீலமாகத் தெரிகிறது. நம் தோலின் பழுப்பும் மஞ்சளும் அதன்மேல் படரும்போது அது பச்சையை நோக்கிச் சாய்கிறது. கரியைக் குத்திவிட்டு அதற்குப் ‘பச்சை’ என்று பெயர் வைத்த நம் முன்னோர் கண்ணால் கண்டதைக் கண்டபடி சொன்னார்கள். ஒளியியல் பாடம் ஒன்று அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

இப்போது நகரங்களில் ‘ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன்’ என்ற பெயரில் வழுக்கைத் தலையில் பச்சை குத்துகிறார்கள். மண்டையில் ஆயிரக்கணக்கான சிறு புள்ளிகள். அவை வரைவது அந்த நான்காம் நாள் நிழலைத்தான். முடி ஒன்றுகூட முளைப்பதில்லை. நன்றாக முடி உள்ள ஒருவர் மொட்டையடித்து இரண்டு மூன்று நாள் ஆனால் தலை எப்படி இருக்குமோ, அந்தத் தோற்றத்தை முடியில்லாத தோலில் உண்டாக்குகிறார்கள். முடி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர் வளர்கிறது. நான்கு நாளில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இராது. அந்தக் குட்டைத் தண்டுகள் தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் புள்ளிகள். அதனால்தான் இந்த ஏமாற்று வேலை செய்கிறது. அதனால்தான் இதைச் செய்துகொண்டவர் எஞ்சியிருக்கும் முடியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒட்ட வழித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வழிக்காவிட்டால் பக்கத்து முடி நீண்டுவிடும், புள்ளி புள்ளியாகவே நிற்கும். மெலிந்த முடிக்கு நடுவே, தழும்பின்மேல், பெண்களுக்கு அகன்றுபோன வகிட்டில் குத்துவதும் உண்டு. அங்கே புள்ளிகளின் வேலை, வெளுத்த மண்டைத் தோல் பளிச்சென்று தெரியாமல் மறைப்பது.

தலைக்குப் பச்சை குத்துவது அறுவை சிகிச்சைக்குத் துணையாக மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். நுட்பமோ மிகப் பழையது. தமிழ்நாட்டில் குறவர் சமூகத்துப் பெண்கள் ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்திய முறையை எட்கர் தர்ஸ்டன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாகப் பதிந்துவைத்திருக்கிறார். அகத்திக்கீரையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் பூசித் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரித்து, புதுச்சட்டியைக் கவிழ்த்து அதில் படியும் கரியைச் சுரண்டி எடுப்பார்கள். அதைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்து, மூன்று நான்கு தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்கள். நுண்ணிய கரித்துகள், நீர், ஊசிக்கொத்து. நியூயார்க்கில் சாமுவேல் ஓரெய்லி 1891-ல் காப்புரிமை பெற்ற மின்சாரப் பச்சைக்கருவி ஊசியின் வேகத்தைக் கூட்டியது. கருத்து அதேதான்.

தோலின் மேலடுக்கு ஏறத்தாழ மாதத்துக்கொரு முறை முழுவதும் உரிந்து புதிதாகிறது. அதில் மை வைத்தால் மருதாணி போலப் போய்விடும். அதனால் ஊசி அதையும் தாண்டி உட்தோலில் இறங்க வேண்டும். உட்தோலும் உயிருள்ள இடம்தானே, அங்கே மட்டும் கரி எப்படி அறுபது வருஷம் நிற்கிறது? உடல் அதை அந்நியப் பொருளாகவே பார்க்கிறது. மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்கள் ஓடிவந்து துகள்களைத் தின்றுவிடுகின்றன. தின்றதைச் செரிக்க அவற்றால் முடியாது. வயிறு நிறையக் கரியோடு அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. நாம் பார்க்கும் கோலம், கோடு கோடாக உட்கார்ந்திருக்கும் இந்தச் செல்களின் கூட்டம். பிரான்சில் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-ல் எலிகளில் இன்னொன்றையும் காட்டினார்கள். இந்தச் செல்களுக்கும் ஆயுள் உண்டு. ஒன்று சாகும்போது கரியைக் கீழே போடுகிறது, பக்கத்தில் புதிதாக வந்த செல் அதை எடுத்து விழுங்கிக்கொள்கிறது. இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் பச்சை நிற்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் துகள் இம்மியளவு நகர வாய்ப்புண்டு, கொஞ்சம் நிணநீர் வழியே முடிச்சுகளுக்கும் போய்ச் சேர்கிறது. ஆயாவின் கோலத்தில் கோடுகள் தடித்து, புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கையில் இருக்கும் கோலம் தடித்தால் யாருக்கும் நட்டமில்லை. தலையில் வைக்கும் புள்ளி தடித்தால் அது முடி மாதிரி இருக்காது. ஊசி ஆழமாக இறங்கிக் கொழுப்படுக்கைத் தொட்டால் மை ஈரத்துணியில் வைத்த பேனா மைபோலப் பரவிவிடும். தலை முழுக்க நீலத் தொப்பி போட்டது போலாகிவிடும். மேலோட்டமாகக் குத்தினால் சில மாதத்தில் வெளுத்துப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும் இடைவெளி, அதுவும் நெற்றியோரம், உச்சி, தழும்பு என்று இடத்துக்கு இடம் மாறும். நல்ல கைகள் ஒரே நாளில் முடிப்பதில்லை. ஒரு வாரமோ அதற்கு மேலோ இடைவெளி விட்டு, இரண்டு மூன்று அமர்வுகளில், தோல் எவ்வளவு மையைப் பிடித்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். சில ஆண்டுகளில் வெளுக்கும், மறுபடி குத்த வேண்டும்.

ஆக, வெளுத்தாலும் தடித்தாலும் பச்சை குத்திய இடத்திலேயே இருக்கும். முடியின் எல்லை அப்படியல்ல, வாழ்நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். இந்த முரணைப் புரிந்துகொள்ளாமல் ஊசிக்குத் தலையைக் கொடுப்பதுதான் என் கவலை.

மண்டையில் சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனிக் கடிகாரம். இரண்டிலிருந்து ஆறு ஆண்டு வரை வளரும், இரண்டு மூன்று வாரத்தில் சுருங்கும், ஏறத்தாழ மூன்று மாதம் உறங்கும், பிறகு பழைய முடியை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். அதனால் நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது உடல்நலத்தின் அடையாளமே. சீப்பில் வந்ததை எண்ணிக் கலங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். வழித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் வீண் நம்பிக்கைதான். மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற உடற்கூறியலாளர் 1928-லேயே அளந்து பார்த்து மழிப்பதால் வளர்ச்சி மாறுவதில்லை என்று எழுதிவிட்டார். கத்தி மயிர்க்காலைத் தொடுவதில்லை. கூரிய நுனி போய் வெட்டுமுனை வருவதால் கைக்குத் தடிப்பாகத் தெரிகிறது. திருவந்திபுரத்துக்கு முடி காணிக்கையாகப் போகட்டும், உரமாகப் போக வேண்டியதில்லை.

நாம் ‘முடி கொட்டுது’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவது உண்மையில் பல நோய்கள், சில நோயே அல்லாதவை.

அதிகம் காண்பது ஏறுநெற்றியும் உச்சிச் சொட்டையும். மொட்டைத் தலையில் இது பளிச்சென்று தெரியும். காதுக்கு மேலும் பிடரியிலும் கருநிழல் படர்ந்திருக்கும், உச்சி வெளிறிக் கிடக்கும். அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-ல், விரை முதிர்ச்சியடையாத அல்லது நீக்கப்பட்ட 104 ஆண்களை ஆராய்ந்து எழுதினார். பருவமடையும் முன்பே விரையை இழந்தவர்களுக்கு வழுக்கை விழவில்லை. ஆண் ஹார்மோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு விழத் தொடங்கியது. ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும். பின்னால் வந்த ஆய்வுகள் குற்றவாளியை இன்னும் நெருங்கின. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து ஒரு நொதியின் வழியாக உருவாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன்தான், அதற்கு இளகிக்கொடுக்கும் மயிர்க்கால்களின் வளர்காலத்தைக் குறுக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிகிறது, கடைசியில் குழந்தையின் பூனைமுடி போலாகிறது. வழுக்கை விழுந்த இடத்தில் மயிர்க்கால் செத்துவிடவில்லை, சிறுத்துவிட்டது. பிடரியில் உள்ளவை இந்த ஹார்மோனுக்கு மசிவதில்லை. நார்மன் ஓரன்ட்ரைக் 1959-ல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது. பிடரியிலிருந்து எடுத்து உச்சியில் நட்டாலும் அந்த முடி பிடரியின் குணத்தோடே வளர்கிறது. இன்றைய முடிநடும் சிகிச்சை முழுவதும் அந்த ஒரு கண்டுபிடிப்பின்மேல் நிற்கிறது.

“தாய்மாமனைப் பாரு, தாத்தாவைப் பாரு” என்பார்கள். பாதி உண்மை. ஆண் ஹார்மோனை ஏற்கும் மரபணு தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் 50,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் மரபணுக்களைப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு, வழுக்கையோடு தொடர்புடைய 287 இடங்களைச் சுட்டியது. அதில் 40 மட்டுமே எக்ஸில். அப்பா பக்கமும் தப்பிக்க முடியாது.

இந்த வகைக்கு மருந்து உண்டு. ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்தபோது உடம்பெல்லாம் முடி முளைத்ததால் கண்டுகொள்ளப்பட்ட மினாக்ஸிடில் 1988-ல் அமெரிக்காவில் தலைக்குத் தடவ அனுமதி பெற்றது. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு 1997-ல். இரண்டுமே நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். இரண்டாவதைக் கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் தொடவே கூடாது. இவற்றை மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம். இருபத்திரண்டு வயதில் நெற்றி ஏறத் தொடங்கிய பையன் அந்த வயதின் நெற்றிக்கோட்டைப் பச்சையில் வரைந்துகொண்டால், நாற்பதில் சொந்த முடி பின்வாங்கிப் போயிருக்கும், புள்ளிக்கோடு மட்டும் முன்னால் தனியாக நிற்கும். ஐம்பதில் தாடி நரைத்திருக்கும், மறுபடி மறுபடி குத்திய தலைப்புள்ளி கறுப்பாகவே இருக்கும். இதை யோசித்துக் கோட்டைப் பின்தள்ளி, நிறத்தை மங்கலாக வைக்கும் கலைஞர்தான் நல்ல கலைஞர்.

அடுத்தது ‘தண்ணி ஒத்துக்கல’ வகை. கடற்கரை ஊர்க்காரர்கள் நாங்கள், எல்லாப் பழியும் உப்புத்தண்ணீர் மேல்தான். கடலூரில் வேலைக்கு வந்த யாரும் மூன்றாம் மாதம் இதைச் சொல்வார்கள். உப்பும் சுண்ணாம்பும் முடித்தண்டைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், ஒடியும். மயிர்க்கால் இருப்பது தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில், அங்கே குளிக்கும் தண்ணீர் எட்டாது. வேரோடு கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் பின்னோக்கி எண்ண வேண்டும். இரண்டு மூன்று மாதம் முன்பு டைஃபாய்டோ டெங்குவோ கோவிடோ வந்ததா? பிரசவமா, அறுவை சிகிச்சையா, பட்டினி கிடந்து எடை குறைத்ததா, வீட்டில் பெரிய துக்கமா? உடல் அதிர்ந்த நேரத்தில் ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே சமயம் உறக்கத்துக்குப் போய்விடுகின்றன, உறக்கம் முடிந்ததும் ஒரே சமயம் உதிர்கின்றன. ஆல்பர்ட் கிளிக்மன் 1961-ல் இதற்கு ‘டெலோஜன் எஃப்ளூவியம்’ என்று பெயர் வைத்தார். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக நின்று முடி திரும்பிவிடும். பெண்களுக்கென்றால் ரத்தசோகையும் தைராய்டும் பார்த்தே ஆக வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. வகிடு அகன்றதென்று குங்குமத்தைத் தாராளமாக வைத்து மறைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சோகையை யாரிடமும் காட்டாமல் வருஷங்களைக் கடத்தும் அக்காமார்கள் எத்தனை பேர். அந்த வகிட்டில் புள்ளி குத்துவது, எரியும் எச்சரிக்கை விளக்கின்மேல் துணி போடுவது மாதிரி.

சிதம்பரம் போனால் இன்னொரு வகை. 1981-லிருந்து மகாசிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலியில் நாட்டியப் பெண்களின் ஒப்பனையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நெற்றி முடியை ஒட்ட இழுத்து வாரி, சவுரி சேர்த்துப் பின்னி, அதன்மேல் ராக்கொடி, பூ, குஞ்சலம். ஒருநாள் பாரம் ஒன்றும் செய்யாது. வாரக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஒரே திசையில் இழுபட்டால் நெற்றியோரமும் காதோரமும் மயிர்க்கால் களைத்துப்போகும். இறுக்கி முடிந்த கொண்டையால் கிரீன்லாந்துப் பெண்களின் நெற்றியோரம் வழுக்கையானதை 1907-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து ரெட்டைச் சடையும் அதே கணக்கில் சேரும். தொடக்கத்தில் தளர்த்திவிட்டால் போதும், முடி திரும்பும். பல ஆண்டு விட்டுவிட்டால் தழும்பாகிவிடும், பிறகு திரும்பாது. சடையை இறுக்கும் அம்மாக்களிடம் இதை நான் கெஞ்சிச் சொல்லுவேன்.

தழும்பாகும் வழுக்கைகளில் இன்னும் கொடியவை உண்டு, லூபஸ், லைக்கன் பிளானஸ் போன்றவை. மண்டைத்தோல் பளபளப்பாகி, மயிர்க்காலின் துளையே மறைந்துவிடும். இதில் ஒவ்வொரு மாதமும் கணக்கு. ஊசியால் குத்துவதே லைக்கன் பிளானஸையும் சொரியாசிஸையும் புதிய இடத்தில் கிளப்பிவிடும். ஹைன்ரிக் கோப்னர் 1872-லேயே கண்டு சொன்ன நிகழ்வு இது. தழும்பு தடித்து வளரும் தோல்வாகு உள்ளவர்களுக்கும் பச்சை ஆகாது. ஊசியைப் பிரித்துப் புதிதாகப் போடுகிறார்களா என்று கண்முன் பார்க்காமல் உட்காரக் கூடாது. மஞ்சள்காமாலை கொண்டுவரும் பி, சி வைரஸ்களும் எச்.ஐ.வி.யும் ஊசி வழியே போகக்கூடியவை. பச்சை குத்திய ஓராண்டுக்கு ரத்ததானம் செய்யக்கூடாது என்று விதி இருப்பதும் அதனால்தான். முடிநடுவது இன்னும் பெரிய காரியம். சென்னையில் 2016-ல் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், பயிற்சி பெற்ற மருத்துவர்களே அதைச் செய்ய வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

கடைசியாகப் புழுவெட்டு. காலணா அளவுக்கு வட்டமாக, வழவழவென்று முடி போயிருக்கும். ராத்திரியில் பூச்சி வந்து வெட்டிவிட்டது என்பார்கள். எந்தப் பூச்சியும் வரவில்லை. நம் எதிர்ப்புச் செல்களே மயிர்க்காலை அந்நியன் என்று எண்ணித் தாக்குகின்றன. நூறு பேரில் இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வரக்கூடியது. வட்டத்தின் ஓரத்தில் சில முடிகள் அடியில் மெலிந்து நுனியில் தடித்து, ஆச்சரியக்குறி போல நிற்கும். இதில் மயிர்க்கால் அழிவதில்லை, முடங்கிக் கிடக்கிறது. சின்ன வெங்காயம் தேய்ப்பது நம் வீட்டு வைத்தியம். பாக்தாத் மருத்துவர்கள் 2002-ல் வெங்காயச்சாற்றைச் சோதித்து, 23 பேரில் 20 பேருக்கு முடி வந்ததாக எழுதினார்கள். சிறிய ஆய்வு, தடவுவது எது என்று எல்லாருக்கும் தெரிந்தே செய்தது, தானாகவே முடி திரும்பும் நோயும்கூட. அதனால் அதைப் பாதி நம்பலாம். தோல் மருத்துவர்கள் வட்டத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். தலை முழுக்கப் பரவியவர்களுக்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாரிசிடினிப் மாத்திரை, எதிர்ப்புச் செல்களின் கட்டளை வழியை இடையில் மறிக்கிறது.

திருவந்திபுரத்தில் அழுத அந்தக் குழந்தைக்கு இருபத்து நான்கு வயதில் பிடரியில் இரண்டு வட்டம் விழுந்தது. பெண் பார்க்கத் தொடங்கியிருந்த நேரம். “மாமா, அந்த எடத்துல மட்டும் பச்சை குத்திக்கிட்டா யாருக்கும் தெரியாதுங்கிறாங்க. ஒரே நாள்ல முடிஞ்சிடுமாம்” என்று போன் செய்தான். குரலில் இருந்த அவசரம் என்னைக் கலக்கியது. கையோடு அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று பஸ் நின்று நின்று போன வழியெல்லாம் அவன் தொப்பியைக் கழற்றவில்லை.

மருத்துவர் ஒரு கருவியை மண்டையில் வைத்துப் பார்த்தார். விரல் நகங்களையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். “துளை எல்லாம் உயிரோட இருக்கு தம்பி” என்றார். மூன்று முறை ஊசி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மாதம். இரண்டாவது ஊசிக்குப் பிறகு வட்டத்துக்குள் முடி வந்தது, முழுக்க வெள்ளையாக. புழுவெட்டில் திரும்பும் முடி பல சமயம் அப்படித்தான் வரும், நிறம் தரும் செல்கள் எழுந்திருக்கக் கொஞ்சம் காலம் எடுக்கும். அவன் பயந்துபோய் மறுபடி போன் செய்தான். பிறகு முடி அடியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. சில வாரங்கள் அந்த இரண்டு வட்டத்திலும் ஒவ்வொரு முடியும் மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாக நின்றது. என் அக்கா அதைச் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கி வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.